பாப்பான் கண்ட வீரத் தாதி

தாதியர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கைவிளக்கேந்திய காரிகை புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் பிறந்த மே 12ஆம் நாளையே அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால், நம் பேராக் மாநிலத்திலேயே உயிரைப் பணயம் வைத்து நோயாளிகளைக் காத்த தாதி ஒருவர் வாழ்ந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் சிபில் கார்த்திகேசு.

பெர்மாஸ் ஜெயாவில் தோழியருடன் வீடெடுத்துத் தங்கித் தாதிமை பயிலும் மாணவி நான். பகலில் பாடம், வார்டில் பயிற்சி, இடையிடையே இரவுப் பணி, அதன் மேல் தேர்வு. இந்தப் படிப்பு நமக்குத் தேவைதானா என்று ஒரு முறையாவது கலங்காதவர் எங்கள் வீட்டில் இல்லை. அப்படிக் கலங்கிய வேளைகளில் எனக்குத் தெம்பளித்த வாழ்க்கை இது.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் ஓர் ஐரோப்பிய-ஆசியக் குடும்பத்தில் பிறந்தார். தாதியாகவும் பேறுகாலத் தாதியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். அவர்களின் முதல் ஆண் குழந்தை பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துவிட்டது. எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த கைகளுக்குச் சொந்த வீட்டில் நேர்ந்த சோகம் அது! எனினும் அவர் தொழிலைக் கைவிடவில்லை. ஈப்போ புருவ்ஸ்டர் சாலையில் கணவரின் கிளினிக்கில் துணை நின்றார். கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் சீன நோயாளிகள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, குடும்பம் ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். இரவில், காட்டிலிருந்து இரகசியமாக வந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளின் காயங்களுக்கும் சிகிச்சை அளித்தார். தடை செய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்து, பிபிசி செய்திகளையும் கேட்டுச் சொன்னார். அகப்பட்டால் என்ன நேரும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

1943இல் அவர் கைது செய்யப்பட்டார். கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய இராணுவக் காவல் படையினர் அவரை அடித்தார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க இயலாமல் போனார். சிறுமியான மகள் டாவ்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டியும் மிரட்டினார்கள். அப்போதும் சிபில் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. டாவ்ன் உயிர் தப்பினார். சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அவரைத் தாங்கி நின்றது அவருடைய இறைநம்பிக்கை.

பெற்ற மகளின் உயிரா, நம்பி வந்தவர்களின் உயிரா என்ற கேள்விக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால், நோயாளியின் இரகசியம் காப்பது தாதியின் கடமை என்று பாடநூலில் ஒரே வரியில் படிக்கும் எங்களுக்கு, அந்த வரியின் விலை இங்கேதான் புரிகிறது.

1945இல் போர் முடிந்ததும் சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட சிபில், அங்கே தம் அனுபவங்களை நூலாக எழுதினார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அவரை அலங்கரித்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், சித்திரவதையில் தாடையில் ஏற்பட்ட பழைய காயத்தால் இரத்தத்தில் நச்சுப் பரவி மறைந்தார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அந்நகரில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாதிமை பயிலும் தோழர்களே, தோழியரே! நம் களைப்பை அவர் பட்ட துன்பத்தோடு ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் வேண்டாம். ஆனால், அவரிடமிருந்து எளிதாகக் கற்கக்கூடியவை இரண்டு உண்டு. நோயாளியின் மொழியில் நான்கு சொற்களாவது பேசுவோம். அவர் யார், எவர் என்று பாராமல் காயத்தை மட்டும் பார்ப்போம். இவ்விரண்டும் கைவந்தால், இரவுப் பணியின் பாரமும் சற்றுக் குறையும் என்பது நான் வார்டில் கண்ட உண்மை. ஈப்போ பக்கம் செல்பவர்கள் பாப்பானையும் ஒரு முறை எட்டிப் பார்த்து வாருங்கள்.