சிக்மண்ட் ஃபிராய்டு: நாஜிகளிடம் இருந்து அண்ணன் தப்பினார், 4 தங்கைகளால் முடியாமல் போனது ஏன்?

மனித மனதை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றவர் சிக்மண்ட் ஃபிராய்டு. 82 வயதில், வாய்ப் புற்றுநோயோடு, சொந்த ஊரை விட்டே வெளியேற வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அவர் தப்பித்த கதை தெரிந்த அளவுக்கு, அவரது தங்கைகளின் கதை பலருக்குத் தெரியாது.

யார் இந்த ஃபிராய்டு?

1856-ல் இன்றைய செக் குடியரசில் உள்ள ஃப்ரைபெர்க்கில் பிறந்தார். அப்பா கம்பளி வியாபாரி. வசதியில்லாத யூதக் குடும்பம். 4 வயதில் வியன்னாவுக்கு வந்தவர், அங்கேயே படித்து டாக்டரானார். பெர்க்காஸ்ஸே தெருவில் 19-ம் எண் வீட்டில் மட்டும் 47 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1938-ல் என்ன நடந்தது?

மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. சில நாட்களில் ஃபிராய்டின் மகள் அன்னாவை கெஸ்டபோ விசாரணைக்கு அழைத்துச் சென்றது. அதுவரை ஊரை விட்டுப் போக மறுத்தவர், அதன்பிறகே சம்மதித்தார்.

ஆனா, நினைச்ச உடனே கிளம்பிட முடியாது. வெளியேறும் யூதர்கள் சொத்தில் 25 சதவீதத்தை 'தப்பிச் செல்லும் வரி'யாகக் கட்ட வேண்டும். வேறொரு நாட்டின் விசாவும் வேண்டும்.

ஃபிராய்டுக்கு உதவியது யார்?

நெப்போலியன் வம்சத்தைச் சேர்ந்த இளவரசி மேரி போனபார்ட், வரிப்பணத்தைக் கொடுத்தார். பிரான்சுக்கான அமெரிக்கத் தூதர் வில்லியம் புல்லிட் அரசு மட்டத்தில் அழுத்தம் கொடுத்தார். பிரிட்டன் அனுமதிக்காக எர்னெஸ்ட் ஜோன்ஸ் லண்டனில் அமைச்சர் வரை போய்ப் பேசினார். ஜூன் 4-ல் ரயில் ஏறிய ஃபிராய்டு, பாரிஸ் வழியாக லண்டன் சேர்ந்தார். அவர் சேகரித்த பழங்காலச் சிலைகளும் பின்னாலேயே பத்திரமாக வந்தன.

மற்றவர்கள் நிலை?

பணமோ பெரிய மனிதர்களின் பழக்கமோ இல்லாதவர்கள் தூதரக வாசல்களில் வரிசையில் நின்றார்கள். யூதப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு வீட்டு வேலைக்கான விசாவில்தான் பிரிட்டனுக்குள் நுழைய வழி கிடைத்தது. வேலைக்கு ஆள் வைத்திருந்த குடும்பத்துப் பெண்களே, அங்கே அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தனர்.

தங்கைகள் என்ன ஆனார்கள்?

ரோசா, மரியா, அடோல்ஃபினா, பவுலா. நால்வருமே 70 வயதைக் கடந்தவர்கள். செலவுக்கு ஃபிராய்டு பணம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர்களைப் பிரான்சுக்கு அழைத்துக்கொள்ள மேரி போனபார்ட் முயன்றார், விசா கிடைக்கவில்லை. பணம் மட்டும் இருந்தா போதாது. ஒரு நாடு தேடி வந்து வரவேற்கும் அளவுக்குப் பெயரும் வேண்டியிருந்தது. வயதான அந்தப் பெண்களுக்கு அது இல்லை.

1939 செப்டம்பர் 23-ல் ஃபிராய்டு லண்டனில் தன் வீட்டிலேயே காலமானார். 1942-ல் தங்கைகள் நால்வரும் தெரேசின்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அடோல்ஃபினா அங்கேயே இறந்தார். மற்ற மூவரும் மரண முகாம்களில் கொல்லப்பட்டனர். ஹிட்லர் ஆட்சியில் உயிரிழந்த ஆஸ்திரிய யூதர்கள் சுமார் 65,000 பேர். அதில் இந்த நால்வரும் அடக்கம்.