கல்விக்குப் பல வாயில் கண்டவர்

ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர் ஒருவர் இன்று தகவல் தொழில்நுட்பத்தையோ, வேளாண்மையையோ, சில்லறை வணிகத்தையோ ஒரு திறன் பாடமாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பள்ளியிலேயே தொழில் சார்ந்த ஒரு பாடத்தை விரும்பி எடுக்கும் இவ்வுரிமை இயல்பானதாகவே தோன்றும். ஆனால் நாடு விடுதலை பெற்ற காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் பயின்றோர் பெரும்பாலோர்க்கு ஒரே வகைக் கல்விதான் வாய்த்தது. அக்கல்வியின் முடிவில் ஒரே ஒரு வாயில் இருந்தது. அது பல்கலைக்கழகத்தின் வாயில். அதில் நுழைய இயலாதவர்க்கு வேறு வழி காட்டுவார் இல்லை. இக்குறையை நீக்க இந்தியா முழுமைக்கும் ஒரு திட்டம் வகுத்த குழுவின் தலைவராக விளங்கியவர் தமிழர் ஒருவர். அவரே டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார்.

பிறப்பும் இளமையும்

இலட்சுமணசாமி 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அந்நகரம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கு வழங்கும் ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. அவர் இரட்டையருள் இளையவர். மூத்தவர் இராமசாமி. தோற்றத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பெரிதும் ஒத்திருந்தனர்.

கர்நூலில் பள்ளிப் படிப்பை முடித்த பின் இருவரும் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர். ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே கல்லூரி என வளர்ந்த அவ்விருவரும் அதன்பின் வெவ்வேறு வழிகளில் சென்றனர். இராமசாமி சட்டம் பயின்று வழக்கறிஞரானார். மைசூரின் திவானாகவும், ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் உயர்ந்தார். இலட்சுமணசாமியோ மருத்துவத்தைத் தேர்ந்தார். ஒரு தாய் வயிற்றில் உடன் பிறந்த இரட்டையர்க்கே நாட்டம் வேறுபடுமாயின், ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நாற்பது மாணவர்க்கும் ஒரே பாடத்திட்டம் எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவிற்கு விடை தேடும் பொறுப்பு பிற்காலத்தில் அவரிடமே வந்து சேர்ந்தது.

மருத்துவப் பணி

இலட்சுமணசாமி மகப்பேற்று மருத்துவத்தில் சிறந்து விளங்கினார். தாயும் சேயும் நலமுடன் வாழ வழிசெய்யும் துறை அது. மகப்பேற்று மருத்துவம் பற்றி அவர் எழுதிய பாடநூலை மருத்துவ மாணவர் பல தலைமுறைகளாகப் பயின்று வந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையும் அவருக்கு உண்டு.

மருத்துவக் கல்வி நூலோடு முடிவதன்று. நோயாளியின் அருகில் நின்று, கண்ணால் கண்டு, கையால் செய்து கற்க வேண்டிய கல்வி அது. ஆண்டுக்கணக்கில் அத்தகைய கல்வியைக் கற்பித்தவர், நூலை மட்டும் மனப்பாடம் செய்யும் பள்ளிக் கல்வியைச் சீர்செய்யும் பணிக்கு அழைக்கப்பட்டது பொருத்தமே.

துணைவேந்தர்

1942ஆம் ஆண்டு அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1969ஆம் ஆண்டு வரை, இருபத்தேழு ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார். அவர் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், 1944இல், வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயர் தாங்கிய தொழில்நுட்பக் கல்லூரி கிண்டியில் தொடங்கப்பட்டது.

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் இலட்சுமணசாமி உறுப்பினராக இருந்தார். நாட்டின் கல்விச் சங்கிலியில் மிகவும் வலுக்குறைந்த கண்ணி இடைநிலைக் கல்வியே என்பதை அக்குழு சுட்டிக்காட்டியது. அடித்தளம் சீராகாமல் மேல்தளம் நிலைக்காது. எனவே இடைநிலைக் கல்வியை ஆராயத் தனிக் குழு ஒன்று தேவைப்பட்டது.

இடைநிலைக் கல்விக் குழு

1952ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நடுவண் அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். குழுவின் தலைவராக இலட்சுமணசாமி அமர்ந்தார். அதனால் அக்குழு முதலியார் குழு என்றே வழங்கலாயிற்று. அன்சா மேத்தா, கே. ஜி. சையிதைன், கே. எல். சிறீமாலி முதலிய கல்வியாளர்கள் அதில் இடம்பெற்றனர். இங்கிலாந்திலிருந்து ஒருவரும் அமெரிக்காவிலிருந்து ஒருவரும் உறுப்பினராக இருந்தனர். குழுவினர் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று பள்ளிகளைப் பார்த்தனர். ஆசிரியர்களையும் கல்வி அலுவலர்களையும் கண்டு கருத்துக் கேட்டனர். 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் அறிக்கையை அரசிடம் அளித்தனர்.

பள்ளிக் கல்வி வாழ்க்கையிலிருந்து விலகி நிற்கிறது. ஏட்டுக் கல்வியாகவே இருக்கிறது. தேர்வு ஒன்றையே குறியாகக் கொண்டிருக்கிறது. மாணவரின் மாறுபட்ட திறன்களுக்கு இடம் தரவில்லை. இவையே குழு கண்ட குறைகள். இடைநிலைக் கல்வி பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் படிக்கட்டு மட்டும் அன்று. பெரும்பாலான மாணவர்க்கு அதுவே முழுமை பெற்ற கல்வியாகவும் அமைய வேண்டும் என்று குழு கருதியது. பள்ளியை விட்டு வெளியேறும் இளைஞர் ஏதேனும் ஒரு தொழிலில் நம்பிக்கையோடு அடியெடுத்து வைக்கும் தகுதியைப் பள்ளியே தர வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

பல்நோக்குப் பள்ளி

இதற்குக் குழு கண்ட வழியே பல்நோக்குப் பள்ளி. ஒரே கூரையின் கீழ்ப் பலவகைக் கல்வியை வழங்கும் பள்ளி அது. மொழிகள், சமூகவியல், பொது அறிவியல், கணிதம் ஆகியவற்றை எல்லா மாணவரும் பயில வேண்டும். அவற்றோடு ஒவ்வொருவரும் ஒரு கைத்தொழிலையும் கற்க வேண்டும். நூற்பும் நெசவும், தச்சு வேலை, உலோக வேலை, தோட்டக்கலை, தையல் போன்ற தொழில்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவ்வகையில், பொறியாளராக விரும்பும் மாணவரும் கவிஞராக விரும்பும் மாணவரும் கையால் ஒரு பொருளைச் செய்து பழகுவர்.

இப்பொதுப் பாடங்களுக்கு மேல் ஏழு விருப்பப் பிரிவுகளைக் குழு வகுத்தது. கலைப் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்பன அவை. உயர்நிலைக் கல்வியின் இரண்டாம் ஆண்டிலிருந்து மாணவர் இவற்றுள் ஒரு பிரிவைத் தேர்ந்து பயில வேண்டும். தேர்வுக்கு அடிப்படை மாணவரின் நாட்டமும் திறனுமே. பொதுப் பாடங்களை எல்லாரும் பயில்வதால், தொழில்நுட்பப் பிரிவை எடுத்தவர்க்கு மேற்படிப்பின் கதவு அடைபடாது; பல்தொழில் பயிலகத்தில் சேர்ந்து அவர் தம் துறையில் மேலும் உயரலாம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் போதாது. தேர்ந்தெடுக்கத் துணையும் வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறாருக்கு உலகில் உள்ள தொழில்களைப் பற்றி என்ன தெரியும்? எனவே பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியர்களை அமர்த்தி, அவர்களுக்குத் தக்க பயிற்சி அளிக்கவும் குழு பரிந்துரைத்தது. தொழிற்பள்ளிகளை இயன்றவரை தொழிற்சாலைகளுக்கு அருகில் நிறுவ வேண்டும். தொழிற்சாலைகள் மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சி தரச் சட்டம் வழிசெய்ய வேண்டும். தொழிற்கல்வியின் வளர்ச்சிக்கெனத் தொழில் நிறுவனங்களிடம் சிறு தீர்வை ஒன்றைப் பெற வேண்டும் என்பனவும் அதன் பரிந்துரைகளாம். நாட்டுப்புறப் பள்ளிகளில் வேளாண் கல்விக்கு வாய்ப்பளிக்கவும் அது வலியுறுத்தியது.

திட்டம் சந்தித்த இடர்கள்

அரசு பரிந்துரையை ஏற்றது. நாட்டின் பல பகுதிகளிலும் பல்நோக்குப் பள்ளிகள் தோன்றின. அவற்றிற்கு ஆசிரியர்களை உருவாக்க 1963ஆம் ஆண்டு அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன.

ஆயினும் எதிர்பார்த்த பயன் முழுமையாகக் கிட்டவில்லை. பட்டறைகளும் கருவிகளும் பெரும்பொருட் செலவை வேண்டின. தொழில் அறிந்தவர்க்குக் கற்பிக்கும் பயிற்சி இல்லை. கற்பிக்கும் பயிற்சி பெற்றவர்க்குத் தொழில் தெரியவில்லை. இவ்விரண்டையும் விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அது மக்களின் மனத்தில் இருந்தது. கையால் செய்யும் தொழில் தாழ்ந்தது, எழுதுகோல் பிடிக்கும் வேலையே உயர்ந்தது என்னும் எண்ணம் எளிதில் மாறவில்லை. பெற்றோர் பலர் தம் மக்களை அறிவியல் பிரிவில் சேர்க்கவே விழைந்தனர்.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு வேறொரு கருத்தைக் கூறியது. அவ்வளவு இளம் வயதிலேயே பிரிவுகளைத் தேர்தல் தகாது; பத்தாம் வகுப்பு வரை அனைவர்க்கும் பொதுக் கல்வி அமைய வேண்டும்; அதற்குப் பின்னரே பிரிவுகள் தொடங்கலாம் என்றது. எந்த வயதில் தேர்ந்தெடுப்பது என்னும் வினாவிற்கு இரு குழுக்களும் வெவ்வேறு விடை தந்தன. ஆனால் பள்ளிக் கல்வியும் உழைப்பும் பிரியலாகாது என்பதில் அவற்றிடையே வேறுபாடு இல்லை.

நிறைவு

இலட்சுமணசாமியின் தொண்டு நாட்டின் எல்லையையும் கடந்தது. 1961ஆம் ஆண்டு உலக நலவாழ்வுப் பேரவையின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய அரசு 1954இல் பத்மபூஷண் விருதையும், 1963இல் பத்மவிபூஷண் விருதையும் அவருக்கு வழங்கியது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் இயற்கை எய்தினார். சென்னைத் தரமணியில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் உயர்கல்வி நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தலைமையில் எழுந்த எண்ணம் அவரோடு மறையவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்பு மாணவர்கள் தச்சு, மின்வேலை, உலோக வேலை, தோட்டக்கலை, மட்பாண்டத் தொழில் போன்றவற்றைப் பழக வேண்டும் என்கிறது. புத்தகப் பையின்றிப் பத்து நாள்கள் உள்ளூர்த் தொழிலறிஞரிடம் கற்கவும் வழிசொல்கிறது. பல்நோக்குப் பள்ளியின் சாயலை இவற்றில் காணலாம்.

பள்ளியில் தச்சு மேசையையோ மின்கருவியையோ வைத்துவிடுவது எளிது. அதனருகில் நிற்கும் மாணவரை, அறிவியல் கூடத்தில் நிற்கும் மாணவருக்கு இணையாக மதிப்பது அரிது. பல்நோக்குப் பள்ளிகள் தடுமாறியது இவ்விடத்தில்தான். வாயில்களைத் திறந்து வைப்பது குழுக்களின் பணி. எந்த வாயிலில் நுழைபவரையும் தாழ்வாக எண்ணாதிருப்பது நம் அனைவரின் பணி.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்
மனையியல் – வீட்டைப் பேணும் முறை பற்றிய கல்வி
தீர்வை – வரி
விழைந்தனர் – விரும்பினர்

சிந்தித்து விடையளிக்க

1. முதலியார் குழு வகுத்த ஏழு விருப்பப் பிரிவுகள் யாவை?
2. பல்நோக்குப் பள்ளித் திட்டம் முழுப் பயன் தராமைக்கு உரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கத் தக்க வயது எது? முதலியார் குழு, கோத்தாரி குழு ஆகியவற்றின் கருத்துகளை ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.
4. நீவிர் வாழும் ஊரில் சிறப்பாக நடைபெறும் ஒரு கைத்தொழிலைக் கண்டறிந்து, அதனைச் செய்பவரிடம் கேட்டறிந்த செய்திகளைப் பத்து வரிகளில் எழுதுக.