சொந்தச் சொல்

பார்வையும் செவியும் இழந்த அமெரிக்கச் சிறுமி ஹெலன் கெல்லர், 1887-இல் குழாயடியில் முதற்சொல்லை உணர்ந்த கதை யாவரும் அறிந்ததே. எங்கள் மனத்தைத் தொட்டது, பின்னர் நடந்தது. 11 வயதில் அவர் எழுதிய பனியரசன் கதை, வேறொருவர் நூலிலிருந்த கதையை ஒத்திருந்தது. முன்பொருநாள் கையில் எழுத்துக்கூட்டிச் சொல்லப்பட்ட கதை அது. கேட்டது மறந்து, கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது!

1892-இல் பாஸ்டன் பார்வையற்றோர் பள்ளியில் எண்மர் விசாரித்தனர். ஆசிரியை ஆனி சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டனர். பாவம், தனியாக நின்றார். நால்வர் நம்பினர், நால்வர் நம்பவில்லை.

அதன்பின் அன்னைக்கு எழுதும் கடிதத்தில்கூட, வாக்கியம் தம்முடையதுதானா என்று மீண்டும் மீண்டும் சோதிப்பாராம். (கட்டுரைப் போட்டிக்கு எழுதும் எங்களுக்கும் இவ்வச்சம் உண்டு.) நெடுநாள் அவ்வச்சம் தொடர்ந்தது. கல்லூரியில் பயிலும்போதே, 1903-இல், 22 வயதில் தம் வரலாற்றை நூலாக்கினார். பனியரசன் கதையால் நேர்ந்த அவமானத்தையும் அதில் மறைக்காமல் எழுதினார்.