பார்னார்டும் அவர் நட்சத்திரமும்

பூமியிலிருந்து சுமார் ஆறு ஒளி வருஷ தூரத்திலுள்ள ஒரு சிறு செந்நிற நட்சத்திரத்தை நான்கு கிரகங்கள் சுற்றி வருகின்றன என்று 2025-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டது. அதற்குப் பார்னார்டு நட்சத்திரம் என்று பெயர். பெயருக்குரிய பெரியார் காலஞ்சென்று நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. கிரகங்களைப் பற்றிய செய்தியை வியந்து படிப்பவர்கள் அவருடைய சரித்திரத்தையும் அறிய வேண்டுமென்பது நமது விருப்பம்.

எட்வர்ட் எமர்சன் பார்னார்டு 1857-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். வறுமை காரணமாகப் பள்ளிக்கூடம் சென்றது இரண்டொரு மாதமே. ஒன்பது வயது நிரம்பு முன்னரே ஒரு போட்டோ நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். படங்களைச் சூரிய வெளிச்சத்தால் பெரிதாக்கும் யந்திரத்தைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் வேலை. மற்றச் சிறுவர்கள் தூங்கிவிழுந்த அவ்வேலையிலே இவர் பொறுமையைக் கற்றார்.

தமது வருஷச் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து ஐந்து அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கினார். புதிய வால் நட்சத்திரம் காண்பவருக்கு 200 டாலர் பரிசு என்று ஒரு தனவந்தர் அறிவித்திருந்தார். இவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு, அப்பணத்தைக் கொண்டே வீடு கட்டினார். பின்னர் வாண்டர்பில்ட் சர்வகலாசாலை அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்தது.

காலிபோர்னியாவில் லிக் வானாராய்ச்சி நிலையத்தில் அவர் உத்தியோகம் ஏற்றார். அங்கே 36 அங்குலப் பெரிய கண்ணாடி வாரத்தில் ஓர் இரவு மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அவ்வாறு கிடைத்த ஓர் இரவில், 1892-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டார். 1610-ல் கலிலியோ நான்கைக் கண்ட பின்னர் 282 வருஷங்களாக எவர் கண்ணிலும் படாதது அது. அதற்கு முந்தின வருஷம், வால் நட்சத்திரங்களைத் தானே தேடிப் பிடிக்கும் யந்திரமொன்றை அவர் செய்துவிட்டதாக ஒரு பத்திரிகை கட்டுக்கதை எழுதியிருந்தது. பலரும் நம்பினர். தமக்கு உரித்தல்லாத அப்புகழை அவர் ஏற்கவில்லை, உடனே மறுத்தார். அம்மறுப்பை அப்பத்திரிகை பிரசுரிக்கத்தான் நெடுநாளாயிற்று. பத்திரிகைத் தொழிலிலுள்ள நமக்கு இது மறக்கத்தகாத பாடம்.

1895-ல் அவர் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யெர்க்ஸ் நிலையத்துக்குச் சென்றார். 1916-ல், தாம் 1894-ல் எடுத்த படத்தைப் புதிய படத்துடன் ஒப்பிட்டபோது, ஒரு மங்கிய நட்சத்திரம் இடம் பெயர்ந்திருக்கக் கண்டார். வானத்தில் வேறெந்த நட்சத்திரமும் அவ்வளவு வேகமாக நகர்வதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அது பூர்ணசந்திரனின் அகலத்தைக் கடக்கச் சுமார் 175 வருஷங்களாகும். சூரியனில் ஆறில் ஒரு பங்கு எடையே உள்ள அது, உஷ்ணமும் குறைந்தது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1923-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி பார்னார்டு மறைந்தார். அதைக் கிரகங்கள் சுற்றுவதாக அவர் என்றும் சொன்னதில்லை.

சொன்னவர்கள் பின்வந்தோர். 1963-ல் வான் டி காம்ப் என்ற சாஸ்திரி அங்கே ஒரு பெருங்கிரகம் உண்டென்றார். உலகம் பத்து வருஷம் நம்பிற்று. 1973-ல் வேறு இருவர் சோதித்து, அது இல்லையென்றனர். முதல்வர் பயன்படுத்திய கண்ணாடியைக் கழற்றிச் சீர்படுத்தியதால் நேர்ந்த பிழையே கிரகமாகத் தோன்றியதென்றும் தெரிந்தது. 2018-ல் மற்றொரு கிரகம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் அதுவும் நட்சத்திரத்தின் சொந்தக் கொந்தளிப்பே என்று ஏற்பட்டது.

கிரகம் சுற்றும்போது நட்சத்திரத்தையும் சிறிது இழுக்கிறது. அந்த அசைவால் ஒளியின் நிறம் நூலளவு மாறுகிறது. சிலி தேசத்துப் பெருங்கண்ணாடியில் அம்மாற்றத்தை அளந்து, 2024-ல் ஒரு கிரகத்தைக் கண்டனர். நட்சத்திரத்தின் அசைவு வினாடிக்குச் சுமார் அரை மீட்டரே; மனிதன் நடப்பதைவிட மெதுவானது. ஹவாய் தீவில் மற்றொரு கூட்டத்தார் வேறு கருவியால் தனியே அளந்து, 2025-ல் அதனுடன் மேலும் மூன்றை உறுதி செய்தனர். நான்கும் பூமியினும் சிறியவை. உயிர் வாழ இயலாத வெப்பமுடையவை. அந்த ஹவாய்க் கருவியைச் செய்தது பார்னார்டு பணிபுரிந்த அதே சிக்காகோ சர்வகலாசாலை.

முதலில் தவறியவர்களை நாம் இகழவில்லை. ஆனால் விரும்பியதைக் கண்டதாக எண்ணுவது எளிது. எதிரே இருப்பவன் வேறு கருவியால் அளந்தும் நிலைப்பதே உண்மை. பொதுவாழ்வில் இறங்கியவர்களுக்கும் இது பொருந்தும். வெற்றியை முன்கூட்டி முழங்குவோர் நம்மிடையே பலர். தம் கணக்கைப் பிறர் சோதிக்க இடங்கொடுப்போர் சிலர். நாஷ்வில் நகரத்து ஏழைச் சிறுவன் கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தான்; எழுதியது நிலைத்தது. அத்தகைய தொண்டர்களே தேசத்துக்கு வேண்டுமென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.