கடல் கடந்த கோமாளி பென்னி ஹில்

பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே மொழி பேசும் நாடுகள். ஒரு நாட்டுச் செய்தித்தாளை மறு நாட்டார் தடையின்றிப் படிப்பர். ஆனால் ஒரு நாட்டின் நகைச்சுவை மறு நாட்டுக்கு அப்படியே செல்வதில்லை. லண்டன் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த தொலைக்காட்சி நாடகம் நியூயார்க்குக்குப் போக வேண்டுமானால், ஊரை மாற்றி, பேரை மாற்றி, நடிகரை மாற்றிப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. இந்த விதிக்குத் தப்பி, உடுத்திய உடையோடு அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுத்தாம்ப்டன் துறைமுக நகரில் 1924ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் பிறந்தவர் ஆல்ஃபிரட் ஹாதார்ன் ஹில். பாட்டனாரும் தந்தையாரும் சர்க்கஸ் கோமாளிகள். தந்தை பிற்காலத்தில் அந்தத் தொழிலை விட்டு, மருத்துவச் சாதனங்கள் விற்கும் கடையொன்றின் நிர்வாகியானார். ஆயினும் கோமாளி ரத்தம் மகனிடம் ஓடியது. பள்ளியை விட்டதும் கடைச் சிப்பந்தி வேலை; பிறகு ஈஸ்ட்லி என்னும் சிற்றூரில் குதிரை வண்டியில் வீடு வீடாகப் பால் ஊற்றும் வேலை. இந்தப் பால்வண்டியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது மீண்டும் வரும். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது லண்டனுக்கு ஓடி, நாடகக் குழுவில் எடுபிடியாகச் சேர்ந்தார். படையில் இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவில் பணிபுரிந்தார். படைவீரர்களுக்காக நடந்த கலை நிகழ்ச்சிகளில்தான் அவருடைய நடிப்புத் திறன் உருப்பெற்றது.

ஆல்ஃபிரட் என்ற பெயர் மேடைக்கு ஒட்டவில்லை. அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியிடம் கொண்ட பற்றினால் தம் பெயரைப் பென்னி என்று மாற்றிக்கொண்டார். ஜாக் பென்னி சாதாரண ஆளல்லர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே விடும் மௌனத்துக்கே கைதட்டல் வாங்கியவர். பிற்காலத்தில் அமெரிக்காவை மௌனத்தால் பிடித்த ஆங்கிலேயர், பெயரையே அமெரிக்க மௌனக்காரரிடம் கடன் வாங்கினார் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

மேடையில் பென்னி ஹில் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி வரப்போகும் காலத்தின் கருவி என்பதை மற்ற நடிகர்களுக்கு முன்பே கண்டுகொண்டார். மேடை நடிகன் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கும்படி கத்த வேண்டும். தொலைக்காட்சியில் ஒரு புருவத்தை உயர்த்தினால் போதும், வீட்டுக் கூடத்தில் இருப்பவன் சிரிப்பான். 1955இல் பி.பி.சி.யில் அவர் பெயராலேயே நிகழ்ச்சி தொடங்கியது. பிற தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையே நையாண்டி செய்வதும், ஒரே காட்சியில் பல பாத்திரங்களாகத் தாமே தோன்றுவதும் அவர் கொண்டுவந்த புதுமை. 1969இல் தேம்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு மாறினார். அதே காலத்தில் வந்த 'சிட்டி சிட்டி பாங் பாங்' திரைப்படத்தில் பொம்மை செய்பவராக வருபவரும் இவரே.

1971ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது அவர் எழுதிப் பாடிய நகைச்சுவைப் பாட்டு. நாயகன் எர்னி என்ற பால்காரன். ஒரு பெண்ணின் அன்புக்காக ரொட்டிக்காரனோடு அவன் மோதும் கதை, அமெரிக்கக் கௌபாய் வீரனின் காவியம்போல் பாடப்படுகிறது. அமெரிக்கச் சட்டையை ஆங்கிலப் பால்காரனுக்கு மாட்டிவிட்டார்! இதன் சுவையை உணர, இங்கிலாந்தின் காலைத் தெருவில் பால்காரனைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஆகவே அமெரிக்காவில் பென்னி ஹில்லுக்குப் புகழ் தந்தது இந்தப் பாட்டு அல்ல.

மற்ற பிரிட்டிஷ் நாடகங்கள் எப்படிக் கடல் கடந்தன? லண்டன் கீழ்த்திசைத் தொழிலாளியான ஆல்ஃப் கார்னெட், வெறுப்பும் அறியாமையும் பேசும் மனிதன். 1971இல் அவனை அமெரிக்கர் நியூயார்க் ஆர்ச்சி பங்கராக்கினர். ஸ்டெப்டோ என்ற காயலான்கடைத் தந்தையும் மகனும், 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கறுப்பினத் தந்தையும் மகனுமாயினர். இரண்டும் பெருவெற்றி. ஆனால் சிடுசிடுப்பான விடுதிக்காரரைக் காட்டிய 'ஃபால்டி டவர்ஸ்' நாடகத்தை அதேபோல் மாற்றி 1983இல் ஒளிபரப்பியபோது அது சில வாரங்களில் மடிந்தது. அந்த ஆங்கில விடுதிக்காரர் தம்மினும் மேலானவர் முன் குழைவார், தாழ்ந்தவரிடம் சீறுவார். அந்த வர்க்க ஏக்கத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் கோபம்தான். இன்னொன்றும் உண்டு. பிரிட்டனில் ஆண்டுக்கு ஆறேழு பகுதிகள், எழுதுவோர் ஒருவர் அல்லது இருவர். அமெரிக்காவிலோ ஆண்டுக்கு இருபதுக்கு மேல், எழுதுவதற்கு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். கசப்பான பாத்திரத்தை அத்தனை வாரம் சுமக்க முடியாதாகையால் அங்கே அவனுக்குக் கொஞ்சம் இனிப்பைத் தடவிவிடுவார்கள்.

தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நிலைக்களன்களில் எள்ளலும் பேதைமையும் உண்டு. எள்ளல் புரிய, எள்ளப்படுபவனைத் தெரிந்திருக்க வேண்டும். பேதைமைக்கு அந்தத் தேவையில்லை. வழுக்கைத் தலையில் விழும் அடி எந்த நாட்டிலும் அடிதான்.

பென்னி ஹில் கடலைத் தாண்டியது அந்தப் பேதைமைப் படகில். 1979 சனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அவருடைய நிகழ்ச்சி தனித்தனியே விற்கப்பட்டது. ஒரு மணி நேர நிகழ்ச்சிகளை அரைமணியாகச் சுருக்கினர். பாட்டுகள் பலவும் உள்ளூர்க் குறிப்புகளும் வெட்டுப்பட்டன. சொல்லற்ற காட்சிகள் நின்றன. வினாடிக்குக் குறைவான படங்களாகப் பிடித்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் எறும்புகள்போல் விரைவார்களல்லவா? அந்தப் பழைய ஊமைப்பட உத்தியில், ஜாக்கி ரைட் என்ற குள்ளமான வழுக்கைக் கிழவரின் தலையில் பென்னி ஹில் தட்டுவார். கடைசியில் எல்லோரும் வரிசையாக அவரைத் துரத்துவார்கள். பின்னணியில் ஒலிக்கும் சாக்ஸபோன் இசை அமெரிக்கரான பூட்ஸ் ராண்டால்ஃப் புகழ்பெறச் செய்தது. நள்ளிரவிலும் அமெரிக்கர் விழித்திருந்து பார்த்தனர். ஆனால் அவர்கள் கண்டது பாதி பென்னி ஹில்லையே. சிலேடையில் வல்ல பாட்டுக்காரர் இங்கிலாந்திலேயே நின்றுவிட்டார்.

புகழ் வந்தபின் அவர் அமெரிக்காவில் குடியேறவில்லை. ஆண்டுக்குச் சில நிகழ்ச்சிகள் மட்டும், அவற்றையும் தாமே எழுதுவது என்ற பழக்கத்தை விடவில்லை. கோடீசுவரராகியும் கார் வாங்கவில்லை. படப்பிடிப்பு நிலையம் இருந்த டெடிங்டனில் வாடகை வீட்டில் தனியே வாழ்ந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை, கடைச் சாமான் பையுடன் நடந்தே வீடு திரும்புவார்.

1980களில் காற்று மாறியது. அரைகுறை உடையில் பெண்களை ஓடவிட்டுச் சிரிப்பது பெண்களை இழிவுபடுத்துவதாகும் என்று பிரிட்டனின் இளைய நகைச்சுவையாளர்கள் கண்டித்தனர். அவர் கதைகளில் முட்டாளாவது எப்போதும் ஆண்தான் என்று அவர்பால் அன்புடையோர் வாதிட்டனர். அது உண்மையே. ஆனாலும் கண்டனத்தை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். அடிபடும் கிழவருக்குக் காட்சியில் ஒரு முகமாவது உண்டு. ஓடும் பெண்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. செலவு ஏறியது, பார்வையாளர் குறைந்தனர். 1989இல் தேம்ஸ் நிறுவனம் அவரை நிறுத்தியது. இருபது ஆண்டு உறவு ஒரு சந்திப்பில் முடிந்தது. அமெரிக்க நிலையங்களோ அவருடைய பழைய நிகழ்ச்சிகளை அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தன.

1991இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகருக்குச் சென்றார். லண்டனில் பிறந்து அமெரிக்காவில் உலகப்புகழ் பெற்ற சார்லி சாப்ளின் கடைசிக்காலத்தை அங்கேதான் கழித்தார். சாப்ளின் மகன் அவரை வீட்டுக்குள் அழைத்துச் சென்று, தந்தை சேர்த்து வைத்திருந்த பென்னி ஹில் ஒளிநாடாக்களைக் காட்டினாராம். தாய்நாடு கைவிட்ட கலைஞருக்கு அது எப்படிப்பட்ட மருந்தாக இருந்திருக்கும்!

1992 ஏப்ரலில் அவரைக் காணாமல் கவலையுற்ற அவருடைய தயாரிப்பாளர் டென்னிஸ் கிர்க்லண்ட், ஏணி வைத்து ஏறிச் சன்னல் வழியே பார்த்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே பென்னி ஹில் இறந்திருந்தார். வயது 68. எழுபது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட சொத்து இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய உயிலில் அதைப் பெற்றோருக்கும், அவர்கள் இல்லையேல் உடன்பிறந்தோருக்கும் விட்டிருந்தார். அவர்கள் எல்லோரும் முன்பே மறைந்துவிட்டதால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குப் போயிற்று.

சவுத்தாம்ப்டனில் அவரை அடக்கம் செய்தனர். தங்க நகைகளோடு புதைத்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிய வதந்தியை நம்பி, அவ்வாண்டு அக்டோபரில் ஒரு கூட்டம் கல்லறையைத் தோண்டியது. அதன்பின் அதன்மேல் கனத்த பலகைக்கல் ஒன்றை வைத்து மூடினார்கள்.