விபுலாநந்த அடிகளார் கற்ற மொழிகள்

பதுளை நகரிலிருந்து கீழ்த்திசை நோக்கிச் செல்லும் பெருவீதி பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து செங்கலடியை அடைகின்றது. அங்கிருந்து தெற்கே மட்டக்களப்பையும் கல்முனையையும் தாண்டிச் செல்வோர் காரைதீவு என்னும் கடற்கரை ஊரைக் காண்பர். ஊவா மலைநாட்டவராகிய நமக்கு அவ்வூர் அயலூரே எனலாம். அங்கே பிறந்து தமிழுலகம் முழுவதும் போற்ற வாழ்ந்த விபுலாநந்த அடிகளாரின் வரலாற்றைச் சங்க மலரிலே எழுத முற்படுகின்றோம். அடிகளாரைப் பற்றி எழுதுவோர் அவர்தம் துறவையும் யாழ் நூலையும் சிறப்பித்து எழுதுதல் வழக்கம். நாமோ அவர் மொழிகளைக் கற்ற முறையையே முதன்மையாக எடுத்துக் கூற விரும்புகின்றோம். அதற்குத் தக்க காரணம் உண்டு.

பதுளையிலும் பண்டாரவளையிலும் கடைத்தெருவிலே நடந்து செல்லும் எவரும் கொரிய மொழி, யப்பானிய மொழி வகுப்புகளுக்கு அழைக்கும் விளம்பரங்களைக் காணாதிருக்க முடியாது. பாடசாலைப் படிப்பை முடித்த தோட்டத்து இளைஞர் பலர், இனி எந்தப் பிறநாட்டு மொழியைக் கற்பது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். கொரியா என்பார் ஒருவர். யப்பான் என்பார் மற்றொருவர். அரபு தெரிந்தால் வளைகுடா நாடுகளிலே பிழைக்கலாம் என்பார் வேறொருவர். இது விளையாட்டுக் கேள்வியன்று. தாயார் கொழுந்துக் கூடை சுமந்து சேர்த்த பணம் ஒரு வகுப்புக்கே போதும். இரண்டாவது வகுப்புக்குப் போதாது. ஆகவே தெரிவு பிழைத்தால் பணமும் போகும், இளமையில் இரண்டாண்டும் போகும். இத்தகைய கேள்விக்கு அடிகளாரின் வாழ்க்கை விடை தருமா என்று பார்ப்போம்.

1892ஆம் ஆண்டு காரைதீவிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் அடிகளார். அவருடைய பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிவு பெற்றார். வைத்திலிங்க தேசிகரிடம் தமிழ் இலக்கியம் பயின்றார். வடமொழியின் வாசலையும் இளமையிலேயே கண்டார். பின்னர் கல்முனையிலே மெதடிஸ்த மிசன் பாடசாலையிலும், மட்டக்களப்பிலே புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். 1908ஆம் ஆண்டிலே, தமது பதினாறாவது வயதிலே, கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையிலே தேறினார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்தித்தல் தகும். அந்நாளிலே மிக்கேல் கல்லூரியை நடத்திய இயேசு சபைக் குருமார் பிரான்சு தேசத்தவர். ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழியன்று. தமிழோ அதனினும் தொலைவான மொழி. தம் பணிக்கு இவ்விரு மொழிகளும் வேண்டும் என்பதற்காக அவற்றைக் கற்றுக்கொண்டு மட்டக்களப்பிலே வந்து கற்பித்தனர். நாமும் மிசன் பாடசாலையிலே படித்தவர்களாதலின் இத்தகைய ஆசிரியரின் உழைப்பை ஓரளவு அறிவோம். பணியின் பொருட்டு மொழி கற்றவரை நாள்தோறும் கண்ணெதிரே கண்டு வளர்ந்த மாணவன், பிற்காலத்திலே தானும் அவ்வழியே நின்றதில் வியப்பில்லை. அங்கே கற்ற ஆங்கிலமும் இலத்தீனும் அவருடைய தமிழ்ப் பற்றையோ சைவப் பற்றையோ குறைக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

மயில்வாகனனார் கொழும்புக்குச் சென்று ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் ஆசிரியராகவும் பணி புரிந்தார். அரசினர் தொழினுட்பக் கல்லூரியிலே சேர்ந்து விஞ்ஞானம் கற்று 1916ஆம் ஆண்டிலே டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஈழ நாட்டிலிருந்து அப்பட்டத்தை முதன்முதலிற் பெற்றவர் அவரே என்பர். ஆங்கிலத்திலே இரசாயனமும் பௌதிகமும் படித்த அதே காலத்திலே, தொல்காப்பியமும் சங்க நூல்களும் படித்தார். ஆங்கிலம் வந்தவுடன் தமிழை மூட்டை கட்டி வைப்பதே நாகரிகம் என்று பலர் கருதிய காலம் அது. புதிய மொழியை ஏற்பதற்குப் பழைய மொழியைக் கைவிட வேண்டியதில்லை என்பதை அவர் செய்து காட்டினார்.

1917ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் சென்று புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். பகலிலே கற்பித்துக்கொண்டே இலண்டன் சர்வகலாசாலைப் பரீட்சைக்குத் தாமே படித்து, 1920இலே பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பட்டமும் பதவியும் சம்பளமும் சேர்ந்து வந்த அந்த வேளையிலேயே, 1922ஆம் ஆண்டிலே, அனைத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இலே சிவானந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார்.

மடத்திலே அவருக்கு முன்னே புதிய வேலை நின்றது. ஸ்ரீ ராமகிருஷ்ணர் பேசியது வங்காள மொழியில். அவருடைய உரையாடல்களை மகேந்திரநாத குப்தர் வங்காளத்திலேயே நூலாக எழுதி வைத்தார். அச்சபையின் வேர் எந்த மொழியிலே இருந்ததோ அந்த மொழியை அறியாது அச்சபையின் பணியை முழுவதும் அறிதல் அரிது. அடிகளார் வங்காளம் கற்றார். வடமொழிப் பயிற்சியையும் ஆழப்படுத்தினார். விவேகானந்தரின் கருமயோகம், ஞானயோகம் ஆகிய நூல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினார். தமிழிலே வெளிவந்த இராமகிருஷ்ண விஜயம், ஆங்கிலத்திலே வெளிவந்த வேதாந்த கேசரி ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். பாளி, சிங்களம், அரபு ஆகிய மொழிகளிலும் அவருக்குப் பயிற்சி உண்டு என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

கற்ற மொழியை அவர் என்ன செய்தார் என்பதே முக்கியமாகும். 1926ஆம் ஆண்டிலே வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நாடக நூலை எடுத்துக்கொள்வோம். அதிலே சிலப்பதிகாரத்திலும் அதன் உரையிலும் காணப்படும் தமிழ் நாடக இலக்கணம் ஆராயப்படுகின்றது. ஆங்கில நாடகாசிரியரின் பன்னிரண்டு நாடகங்கள் எடுத்துக்காட்டாக வருகின்றன. வடமொழித் தசரூபகத்தின் கருத்துக்களும் இடம் பெறுகின்றன. மூன்று மொழிகளும் ஒரு நூலிலே சேர்ந்து தமிழுக்குத் தொண்டு செய்கின்றன. அந்த ஆங்கிலப் புலவரின் பெயரையும் செகசிற்பியார் என்று தமிழ்ப் பெயராக்கி நம் வீட்டு விருந்தினராக அழைத்து வந்தார். ஆங்கிலவாணி என்னும் கட்டுரையிலே ஆங்கிலக் கவிஞரின் சுவையை ஆங்கிலம் அறியாத தமிழரும் நுகருமாறு செய்தார்.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1936இலே சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரசாயனச் சொற்களை ஆக்கும் பணியிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இலே வெளிவந்தது. தொழினுட்பக் கல்லூரியிலே ஆங்கிலத்திற் படித்த விஞ்ஞானம் இருபது ஆண்டுகளின் பின் தமிழ்ச் சொற்களாகத் திரும்பி வந்தது. இன்று தோட்டப் பாடசாலையிலே இரசாயனத்தைத் தமிழிலே படிக்கும் பிள்ளை, அத்தகைய முன்னோடிகள் வெட்டிய பாதையிலேதான் நடக்கின்றது.

ஈழத்திலே அவர் ஆற்றிய கல்விப் பணியும் பெரிது. 1929இலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் உண்டு உறைந்து படிக்க வழி செய்தார். 1939ஆம் ஆண்டிலே இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியராயினார். கல்முனைப் பாடசாலையிலே எழுத்துக்கூட்டிப் படித்த ஆங்கிலம், உலகினர் வாசிக்கும் இதழொன்றை நடத்தும் அளவுக்கு முதிர்ந்திருந்தது. 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இவையனைத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளாக ஓர் ஆராய்ச்சி நடந்துவந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே கூறப்படும் யாழ் வழக்கொழிந்து போயிற்று. அதன் இயல்பை மீட்டுக் காண்பதற்குப் பழந்தமிழ்ப் புலமை மட்டும் போதவில்லை. நரம்பின் ஒலி அளவுகளைக் கணக்கிடுவதற்குப் பௌதிகமும் கணிதமும் வேண்டியிருந்தன. அவற்றை ஆங்கிலம் தந்தது. பரதரும் சார்ங்கதேவரும் இசை பற்றி எழுதியவற்றை வடமொழி தந்தது. கற்ற மொழிகள் யாவும் யாழ் நூலிலே வந்து சேர்ந்தன. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அந்நூலை வெளியிட, 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடுத்த மாதமே, யூலை 19ஆம் நாள், அடிகளார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவருடைய சமாதி அமைந்துள்ளது.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்கும்போது நமக்கு ஒன்று புலனாகின்றது. மொழிகளுள் எது உயர்ந்தது, எது எளியது, எதற்கு இப்பொழுது மதிப்பு அதிகம் என்ற கணக்கிலே அவருடைய கல்வி செல்லவில்லை. விஞ்ஞானம் கற்க ஆங்கிலம் வேண்டியிருந்தது. சாத்திரங்களை ஆராய வடமொழி வேண்டியிருந்தது. மடத்துப் பணிக்கு வங்காளம் வேண்டியிருந்தது. வேலை முன்னே சென்றது; மொழி அதன் பின்னே சென்றது. அடுத்து எந்த மொழி என்று கேட்கும் நாம், அதற்கு முன்னே அடுத்து என்ன வேலை என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். வைத்தியத் தாதியாக விரும்புபவனுக்கும், இயந்திரத் தொழில் விரும்புபவனுக்கும், நூலாராய்ச்சி விரும்புபவனுக்கும் ஒரே மொழி பொருந்தாது. நண்பன் சேர்ந்தான் என்பதற்காகச் சேரும் வகுப்பு நண்பனுக்கே பயன் தரும்.

அடிகளார் துறவி, அவருக்குக் காப்பாற்ற வேண்டிய குடும்பம் இல்லை, நமக்கோ அடுப்பெரிய வேண்டும் என்று எவரேனும் மறுக்கலாம். அம்மறுப்பு நியாயமானதே. ஆயினும் துறவு பூணுமுன் பல ஆண்டுகள் அவர் ஆங்கிலம் கற்றதன் பயனாலேதான் ஆசிரியராகிச் சம்பளம் பெற்று வாழ்ந்தார் என்பதை மறத்தலாகாது. பிழைப்புக்காக மொழி கற்றல் இழுக்கன்று. ஆனால் பிழைப்புக்காகக் கற்பதையும் முழுமையாகக் கற்றல் வேண்டும். பரீட்சையிலே தேறும் அளவுக்கு மட்டும் மொழி கற்று அயல்நாடு செல்பவன், தான் கையொப்பமிடும் ஒப்பந்தத்தை வாசிக்க மாட்டான். நம் தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற சகோதரியர் எத்தனையோ பேர். வீட்டு எசமானரின் மொழி அறியாமையால், செய்யாத பிழைக்கு மறுமொழி கூறவும் இயலாது நின்றவர் அவர்களுள் உளர். மொழி அவர்களுக்குச் சம்பளத்தை மட்டுமன்று, பாதுகாப்பையும் தரக்கூடியதாயிருந்தது.

சிங்களத்தைப் பிறநாட்டு மொழிகளின் கணக்கிலே நாம் சேர்க்கவில்லை. அது அயல்வீட்டு மொழி. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழியை நம்மிற் பலருக்குக் கசப்பாக்கியது உண்மையே. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் கச்சேரியிலும் காவல் நிலையத்திலும் ஆசுபத்திரியிலும் நமக்கு முன்னே வைக்கப்படும் தாளைப் பிறர் துணையின்றி வாசிக்க வல்லவர் நம்மிலே எத்தனை பேர்? வாயாற் பேசும் சிங்களம் பலருக்கு உண்டு. எழுத வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. தமக்கு வாசிக்கத் தெரியாத தாள்களிலே கைநாட்டு வைத்த நம் முன்னோரின் துன்பத்தை முதியோர் அறிவர். கடல் கடந்த மொழிக்குக் காசு கட்டுமுன், காசில்லாமலே அயலவரிடம் கற்கக்கூடிய இம்மொழியின் எழுத்தைக் கற்பது அறிவுடைமையாகும்.

கற்றதைத் திருப்பிக் கொண்டுவருதல் அடிகளாரிடமிருந்து நாம் பெறும் மற்றொரு பாடம். யப்பானிலே தொழில் கற்றுத் திரும்புபவர் அத்தொழிலைத் தோட்டத்துத் தம்பிமார்க்குத் தமிழிலே சொல்லிக் கொடுக்கலாம். கொரியாவுக்குச் செல்பவர் அங்குள்ள வேலை முறைகளையும் சட்டங்களையும் தமிழிலே எழுதி அனுப்பலாம். அது அடுத்துச் செல்வோருக்குக் கைவிளக்காகும். நமது சங்கமும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கி, சிங்களம் வாசிக்க வல்லாரையும் அயல்நாட்டிலிருந்து திரும்பியோரையும் அழைத்து இளையோருக்குக் கற்பிக்கச் செய்யலாம் என்பது நமது பணிவான வேண்டுகோள். பெரியோர் இதனை ஆதரிப்பாராக.

ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்விலே அடிகளார் பல மொழிகளைக் கற்றார். ஒன்றையும் வீணாகக் கற்றிலர். நம்மால் அத்தனை மொழிகளைக் கற்க இயலாதிருக்கலாம். ஒன்றையேனும் வேலையறிந்து தெரிந்து, ஒப்பந்தம் வாசிக்கும் அளவுக்குக் கற்று, கற்றதை நம் லயத்து வாசல்வரை கொண்டு வருவோமாயின், அதுவே அவருக்கு நாம் எடுக்கும் சிறந்த விழாவாகும்.