ஆன்சல் ஆடம்ஸ்

ஆன்சல் ஈஸ்டன் ஆடம்ஸ் (பெப்ரவரி 20, 1902 – ஏப்ரல் 22, 1984) ஓர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரும் இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலரும் ஆவார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள மலைகளையும் பாலைநிலங்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். இவர் வண்ணத்திலும் ஏறத்தாழ 3,500 படங்களை எடுத்துள்ளார். எனினும் அவற்றைத் தமது முதன்மையான படைப்புகளாக இவர் கருதவில்லை.

இளமைக்காலம்

ஆடம்ஸ் கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். 1906 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின்னதிர்வில் கீழே விழுந்ததில் இவரது மூக்கு உடைந்தது. அந்தக் கோணல் இறுதிவரை மாறவில்லை. பள்ளிப் படிப்பு ஒத்துவராததால் இவருக்கு வீட்டிலேயே கல்வி புகட்டத் தந்தை ஏற்பாடு செய்தார். பியானோ கலைஞராவதே இவரது தொடக்ககால நோக்கமாக இருந்தது. 1916 இல் குடும்பத்துடன் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது பெற்றோர் கொடுத்த கோடாக் பிரௌனி ஒளிப்படக் கருவியே இவரை இத்துறைக்கு இட்டு வந்தது. 1919 இல் சியேரா கழகத்தில் சேர்ந்தார்.

ஏப்ரல் 10, 1927 அன்று யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்கச் சென்றபோது இவரிடம் இரண்டு கண்ணாடித் தட்டுகளே எஞ்சியிருந்தன. முதல் தட்டில் மஞ்சள் வடிகட்டியைப் பயன்படுத்தினார். பாறையின் கம்பீரம் அதில் வெளிப்படாது என உணர்ந்து, கடைசித் தட்டிற்குச் சிவப்பு வடிகட்டியை மாட்டினார். சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுப்பதால் வானம் ஏறத்தாழக் கறுப்பாகப் பதிவானது. கறுப்பு வெள்ளைப் படத்தின் சாயல்கள் கலைஞரின் தெரிவே என்பதை இவர் இந்நிகழ்வின் வழியாக அறிந்துகொண்டார்.

பாலைநிலப் படங்கள்

1930 இல் நியூ மெக்சிகோவின் தாவோஸ் நகரில் ஒளிப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டைச் சந்தித்த பின்னர் ஆடம்ஸ் ஒளிப்படக்கலையையே தமது வாழ்க்கைத் தொழிலாக ஏற்றார். 1932 இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்காம் உள்ளிட்டோருடன் இணைந்து எஃப்/64 குழுவைத் தொடங்கினார்.

1941 இல் நியூ மெக்சிகோவில் பயணம் செய்தபோது, ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மீது நிலவு எழுவதைக் கண்டு வண்டியை நிறுத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு அளவு நினைவில் இருந்ததால் அதைக் கொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்குள் கல்லறைச் சிலுவைகள் மீது விழுந்த வெயில் மறைந்துவிட்டது. பிற்காலத்தில் இவர் இருட்டறையில் வானத்தை மேலும் மேலும் கருமையாக்கி இதை அச்சிட்டார். இதன் புகழ் பெருமளவில் இந்த இருட்டறை உழைப்பினால் உருவானது.

1948 இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் சூரிய உதயத்தின்போது எடுத்த மணல்மேட்டுப் படம் இவரது மற்றொரு சிறந்த படைப்பாகும். மேட்டின் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் இருளில் மூழ்கி, இரண்டிற்கும் இடையில் ஒரு கூரிய வளைகோடு மட்டும் நிற்கிறது. இதே பள்ளத்தாக்கின் மணல்மேடுகளை இவர் வண்ணத்திலும் எடுத்துள்ளார்.

வலய முறை

1940 ஆம் ஆண்டளவில் ஃபிரெட் ஆர்ச்சருடன் இணைந்து ஆடம்ஸ் வலய முறையை உருவாக்கினார். இதில் முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரையான சாயல்கள் 0 முதல் 10 வரை எண்ணிடப்பட்டுள்ளன. அடுத்தடுத்த வலயங்களுக்கிடையே ஒளி இருமடங்காகிறது. நிழற்பகுதியின் விவரங்களை ஒளிபடும் அளவும், வெளிச்சப் பகுதியின் சாயலைப் படச்சுருளைக் கழுவும் நேரமும் தீர்மானிக்கின்றன. கடும் வெயிலும் ஆழ்ந்த நிழலும் ஒருங்கே காணப்படும் பாலைநிலத்திற்கு இம்முறை மிகவும் பொருத்தமாக அமைந்தது.

வண்ணமும் கறுப்பு வெள்ளையும்

கோடாக் நிறுவனத்திற்காகவும் இதழ்களுக்காகவும் ஆடம்ஸ் வண்ணப் படங்களை எடுத்தார். அவ்வருவாய் இவரது வாழ்க்கைக்குத் தேவைப்பட்டது. ஆனால் அக்கால வண்ணப் படச்சுருள்கள் குறுகிய ஒளி வேறுபாட்டையே தாங்கின. மணலின் ஒளிர்வைக் காத்தால் நிழல் கறுத்துப் போகும். நிழலைக் காத்தால் மணல் வெளுத்துப் போகும். கழுவும் நேரத்தை மாற்றினால் நிறங்கள் பிறழும். இதனால் வலய முறை தந்த கட்டுப்பாடு வண்ணத்தில் கிடைக்கவில்லை. அச்சில் வந்த நிறங்களும் இவருக்கு நிறைவளிக்கவில்லை.

மறுபுறம், கறுப்பு வெள்ளைக்கும் பாலைநிலத்தில் ஓர் இடர் உண்டு. செம்பாறையும் நீல வானும் கண்ணுக்கு முற்றிலும் வேறானவை. வடிகட்டி இன்றி எடுத்தால் அவை ஒரே சாம்பல் நிறமாகப் பதிவாகக்கூடும். சிவப்பு அல்லது மஞ்சள் வடிகட்டி பாறையை வெளிறச் செய்து வானைக் கருக்கும். ஆயினும் பாறையின் செம்மை படத்தில் இராது.

இத்தெரிவிற்கு வேறு விடையும் இருந்தது. 1963 இல் சியேரா கழகம், கிளென் பள்ளத்தாக்கைப் பற்றிய எலியட் போர்ட்டரின் வண்ணப்பட நூலை வெளியிட்டது. அதே ஆண்டில் அப்பள்ளத்தாக்கு அணை நீரில் மூழ்கத் தொடங்கியது. ஈரப்பாறையில் தெரிந்த வானின் நீலமும் மணற்கல்லின் செம்மையும் அந்நூலின் உயிராக இருந்தன. அப்போது ஆடம்ஸ் அக்கழகத்தின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்தார். எனினும் தமது சொந்தப் படைப்புகளில் இவர் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை.

இறுதிக்காலமும் நினைவும்

1975 இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆக்க ஒளிப்பட மையம் அமைய ஆடம்ஸ் துணைநின்றார். இவரது ஆவணங்கள் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. 1980 இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். மின்னணு முறையிலான படங்கள் புதிய வாய்ப்புகளைத் தரும் என 1981 இல் வெளியான தமது நூலில் எதிர்பார்ப்புத் தெரிவித்தார். 1984 இல் கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் காலமானார்.

இவரது வண்ணப் படங்கள் 1993 இல், இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், ஹாரி கலகனின் தேர்வில் நூலாக வெளிவந்தன. அதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு 2009 இல் வெளியானது.